இடது முன்சக்கரத்தின் 16 மில்லிமீட்டர்

நண்பர் ஒருவர் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற, கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறார். "11 வருடமாக ஓட்டுகிறீர்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். உடனே பதில் சொல்ல முடியவில்லை.

என்னுடையது இங்கிலாந்தில் ஓடும் 1.6 லிட்டர் வண்டி. ஒரு டன்னுக்கும் குறைந்த எடை. நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாக இரண்டு ஆர்ம்கள் (கைகள்) பிடித்திருக்கும் முறை. சாலையில் கிடக்கும் சிறு கல்லைக்கூட ஸ்டியரிங் வழியாக உள்ளங்கை உணரும். இதையெல்லாம் நண்பர் ஏற்கெனவே படித்திருப்பார். நான் சொல்ல வேண்டியது கடந்த 14 மாதங்களின் கதை.

இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு முன்பக்க ஆர்ம்களின் போல்ட்டுகளைத் துருவால் இறுக்கிவிடும். வருடாந்திரப் பரிசோதனைக்கு முன்னால், இடது முன்பக்க ஆர்ம்கள் வண்டியோடு சேரும் இடங்களிலுள்ள ரப்பர் புஷ்கள் அனைத்தையும் மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் விட்டேன். வண்டி திரும்பி வந்த மறுநாள் காலை, இடது மட்கார்டு தூக்கலாக நிற்பதைப் பார்த்தேன். சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்தேன். இடது 372 மில்லிமீட்டர், வலது 356. தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுக்கும். அதனால்தான் மையத்திலிருந்து அளந்தேன்.

பட்டறையில் சொன்ன பதில்: "ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார், பேட்டரியும் டிக்கியில் வலப்பக்கம்தான். வலது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்." கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. வேலைக்கு முன்பு நான் அளந்து வைத்திருக்கவில்லை, ஆகவே மறுத்துப் பேசவும் முடியவில்லை. முன்பக்கத்துக்குப் புதிய ஸ்பிரிங் இரண்டு வாங்கிப் போட்டேன். வண்டி மொத்தமாகச் சற்று உயர்ந்தது. 16 மட்டும் 16 ஆகவே நின்றது.

ஸ்பிரிங்குகளை இடம் மாற்றிப் போட்டேன். இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு அளந்தேன். இரண்டிலும் மாற்றமில்லை. ஒரு மூலை தூக்கி நின்றால் குற்றம் எதிர்மூலையிலும் இருக்கலாம். பின்பக்க வலது ஸ்பிரிங் தாழ்ந்தால் முன்பக்க இடது எழும்பும். அதைப் பிரித்தறிய, பின்சக்கரங்களுக்கு நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கு நேர் அடியில் ஒரே ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்கள் தரையை விடும் வரை தூக்கினேன். இப்போது பின்பாரம் முழுவதும் ஒரே புள்ளியில். முன்பக்கத்தை அழுத்தி அழுத்தி விட்டு அளந்தேன். சாய்வு அப்படியே இருந்தது. பின்பக்கம் குற்றமற்றது என்று தெரிந்துவிட்டது.

எஞ்சியது அந்தப் புஷ்கள்தான். புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, வெளிக்குழாய் ஆர்முக்குள் அடைந்திருக்கிறது. நடுவிலுள்ள ரப்பர் இரண்டிலும் ஒட்டியிருப்பதால் சுழலாது, முறுக்கத்தான் செய்யும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ஈரத்துணியைப் பிழிவதுபோல ரப்பர் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இன்னொரு ஸ்பிரிங்காக ஆர்மைக் கீழே தள்ளும், வண்டி மேலே எழும்பும்.

வண்டியைச் சாய்மேடையில் ஏற்றி, சக்கரங்கள் பாரம் தாங்கிய நிலையிலேயே, சக்கரக் கோணத்தை அமைக்கும் அலைன்மென்ட் போல்ட்டுகளின் நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். மூன்றாவது போல்ட் தளர்ந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். இடது பக்கம் கண்ணெதிரே இறங்கியது. அப்படியே இறுக்கி, சிறிது தூரம் ஓட்டிவந்து அளந்தேன். வித்தியாசம் 4 மில்லிமீட்டர்.

எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அந்தப் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போது இறுக்குவது தொழில் கற்கும் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம். கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். அதை மிச்சம் பிடித்ததற்கு நான் கொடுத்தது 14 மாதங்கள், இரண்டு ஸ்பிரிங்குகள், மறுபடியும் ஒரு வீல் அலைன்மென்ட். ஒரு கீழ்ப் புஷ்ஷின் ரப்பர் அளவுமீறி முறுக்குண்டதில் கிழியத் தொடங்கியிருக்கிறது. துருப்பிடித்த போல்ட்டுகளை உடைக்காமல் கழற்றித் தந்த பொறுமையும் அதே பட்டறையுடையதுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நேற்று மாலை மலைச்சரிவு வளைவுகளில் கூரையைத் திறந்து ஓட்டினேன், இறங்க மனமே வரவில்லை. இருந்தாலும் நண்பரே, இன்று என்னைக் கேட்டால் வாங்காதீர்கள் என்பேன். என் வண்டியை விற்கும் எண்ணமும் எனக்கில்லை. மீறி வாங்கப் போனால் அளவு நாடாவைக் கொண்டுபோய், வண்டியைச் சமதளத்தில் சில அடிகள் உருட்டி நிறுத்திவிட்டு நான்கு மட்கார்டுகளையும் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புஷ் மாற்றியிருந்தால், சக்கரம் எங்கே இருக்கும்போது இறுக்கினார்கள் என்று கேளுங்கள்.