பாம்பின் போக்கு திடீரென மாறினால்: எஸ்டிசி-1000 தெர்மோஸ்டாட், ஒரு மதிப்புரை

சென்னை மவுண்ட் ரோடை ஒட்டிய ரிச்சி தெருவில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எஸ்டிசி-1000 என்ற தெர்மோஸ்டாட் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி), இன்குபேட்டர், மீன் தொட்டி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றுக்காகச் செய்யப்பட்டது. பாம்பு வளர்ப்பவர்களுக்கென்று அதை யாரும் வடிவமைக்கவில்லை. நான் கேட்டபோதுகூட கடைக்காரர், "முட்டை பொரிக்கிற பெட்டிக்காங்க மேடம்?" என்றுதான் விசாரித்தார். இருந்தும், பால் பைத்தான் (Ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பை வளர்க்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்தக் கருவியோ இதற்கு நிகரான ஒன்றோ இருந்தாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை ஏன் சொல்கிறேன், இதை எவ்வளவு தூரம் நம்பலாம், எந்த இடத்தில் இது கைவிட்டுவிடும் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நல்ல பாம்பு, சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு ஆகிய எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. இங்கே நான் பேசுவது மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பால் பைத்தானைப் பற்றி. அது, வனஉயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம் என்பதால், 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வந்த 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, அதை வைத்திருப்பவர்கள் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவுச் சான்று இல்லாத பாம்பை யாராவது விற்க முன்வந்தால் வாங்க வேண்டாம்.

நங்கநல்லூரில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பெண் பால் பைத்தான். இருட்டியதும் தன் ஒளிவிடத்திலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, நாக்கைச் சீராக வெளியே விட்டுக் காற்றை முகர்ந்துகொண்டு, எலிக்காகக் காத்திருப்பது அதன் வழக்கம். மார்கழியில் ஒரு வாரத்துக்குள் அந்த வழக்கம் முழுவதும் மாறிப்போனது. வெப்பப் பக்கத்தில் உடலை இறுகச் சுருட்டிக்கொண்டு எந்நேரமும் கிடந்தது. எலியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர் மாற்றக் கையை உள்ளே விட்டபோது கழுத்தை எஸ் வடிவில் பின்னுக்கு இழுத்துச் சீறியது. சாதுவாக இருந்த பாம்பு ஒரே வாரத்தில் முரட்டுப் பாம்பானது போலத் தோன்றியதால், வீட்டிலிருந்த பெரியவர்கள் அதற்குக் கோபம் என்றும் பயம் என்றும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

பாம்புக்குத் தன் உடலின் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் கிடையாது. செரிமானம், நோய் எதிர்ப்பு, அசைவு என அதன் உடலில் நடக்கும் எல்லாமே சுற்றியுள்ள வெப்பநிலையைப் பொறுத்தவை. எனவே அதன் நடத்தை சட்டென்று மாறும்போது, குணத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பெட்டியின் வெப்பநிலையை அளந்து பார்க்க வேண்டும். பால் பைத்தானுக்குப் பெட்டியின் வெப்பப் பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி வரையும் இருப்பது நல்லது. போதிய சூடு இல்லாதபோது விழுங்கிய இரை செரிக்காது என்பதால் அது சாப்பிட மறுக்கிறது. கட்டாயப்படுத்தினால் கக்கிவிடும் அபாயமும் உண்டு. எங்கள் பெட்டியில் அப்போது இருந்தது, விற்பவர்கள் வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் ஹீட் மேட்டும் (பெட்டியின் அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) அதோடு இணைத்த ஃபேன் ரெகுலேட்டரும்தான். ரெகுலேட்டர் ஒரே அளவு மின்சாரத்தை அனுப்புமே தவிர, அறை குளிர்ந்துவிட்டது என்பது அதற்குத் தெரியாது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதுவே போதும். மார்கழி இரவுகளில் வெளியே 21, 22 டிகிரிக்கு இறங்கும்போது போதாது.

இந்த இடத்தில்தான் எஸ்டிசி-1000 உதவுகிறது. மெல்லிய வயரின் நுனியில் உள்ள சென்சார் ஹீட் மேட்டின் மேற்பரப்பு வெப்பத்தை அளந்து, டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை சிவப்பு எண்களில் காட்டுகிறது. எஃப்1 என்ற அமைப்பில் வேண்டிய வெப்பநிலையையும், எஃப்2 என்பதில் எவ்வளவு குறைந்தால் மேட் எரிய வேண்டும் என்ற இடைவெளியையும் பதிவு செய்தால் போதும். நான் 32 டிகிரியும் 0.5 இடைவெளியும் வைத்திருக்கிறேன், அதாவது 31.5க்கு இறங்கியதும் ரிலே (கருவிக்குள் உள்ள தானியங்கி சுவிட்ச்) "டிக்" என்ற ஒலியுடன் மேட்டை இயக்கும், 32 ஆனதும் நிறுத்தும். மின்வெட்டு வந்து போனாலும் பதிவு செய்த எண்கள் அழிவதில்லை. பொருத்திய பிறகு பாம்பு முதலில் உடலைத் தளர்த்திக்கொண்டது, பிறகு இரவில் மறுபடி வெளியே வரத் தொடங்கியது, அதன் பின்னரே எலியை எடுத்தது. இந்த வரிசை முக்கியமானது. வெப்பம் சரியான மறுநாளே பாம்பு சாப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்துத் தினமும் எலியைக் காட்டிக்கொண்டிருந்தால் அது மேலும் மிரளும்.

பொருத்துவது பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கருவி வெறும் கட்டுப்பாட்டுப் பெட்டியாகவே வருகிறது. பிளக்கும் இருக்காது, சாக்கெட்டும் இருக்காது. பின்னால் உள்ள எட்டு முனைகளில் 1, 2 மின்சாரத்துக்கு, 3, 4 சென்சாருக்கு, 5, 6 சூடாக்குவதற்கு, 7, 8 குளிர்விப்பதற்கு. இதில் 5, 6 ஆகிய முனைகள் தாமாக மின்சாரம் தருவதில்லை. அவை ஒரு சுவிட்சைப் போல மட்டுமே செயல்படும் என்பதால், ஃபேஸ் வயரிலிருந்து தனியாக ஒரு இணைப்பை எடுத்து 5ஆவது முனைக்குக் கொடுக்க வேண்டும். மின்வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனை அழைத்து, கருவியை ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸுக்குள் அடைத்து, வெளியே ஒரு சாக்கெட் வைத்துத் தரச் சொல்வதே சரி. முனைகள் வெளியே தெரியும்படி, தண்ணீர்க் கிண்ணம் உள்ள பெட்டியின் அருகில் இதைத் தொங்கவிடவே கூடாது.

அளவு சரிதானா என்பதையும் முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது. தயாரிப்பாளரே ஒரு டிகிரி வரை கூடக் குறைய இருக்கலாம் என்கிறார். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து சென்சாரை அதில் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும், என்னுடையது 0.8 காட்டியது. நமக்கு வேண்டிய அளவு முப்பதுக்கு மேல் என்பதால், வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்து வைத்து ஒப்பிட்டேன். 98.6 பாரன்ஹீட் என்பது 37 செல்சியஸ். அங்கேயும் அதே அளவு வித்தியாசம் இருந்ததால், எஃப்4 அமைப்பில் அதைக் கழித்துவிட்டேன். வாங்கிய அன்றே இதைச் செய்யாதவர்கள் கருவி காட்டும் எண்ணை முழுதாக நம்ப வேண்டாம்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் பாம்பின் உயிரே இருக்கிறது. பெட்டிக்குள் வெறுமனே போட்டு வைத்தால், வலிமையுள்ள அந்த உடல் அதைத் தள்ளிக் குளிர்ந்த பக்கத்துக்கோ தண்ணீர்க் கிண்ணத்துக்கோ கொண்டுபோய்விடும். குளிர்ந்த இடத்தில் கிடக்கும் சென்சார் "இன்னும் சூடு போதவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், மேட் நிற்காமல் எரியும், பாம்பின் வயிற்றுத் தோல் புண்ணாகும். பெட்டியின் அடிப்பலகைக்கும் மேட்டுக்கும் நடுவில், அது நகர முடியாதபடி ஒட்டி வைப்பதே பாதுகாப்பானது. அப்படி வைக்கும்போது பாம்பு படுக்கும் இடம் மேட்டைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும் என்பதால், உள்ளே ஒரு தனித் தெர்மாமீட்டரால் அளந்துகொண்டு எஃப்1 எண்ணை அதற்கேற்ப ஏற்ற வேண்டும்.

இனி குறைகள். இதன் பெரிய குறை, நினைவு வைத்துக்கொள்ளாதது. இரவு மூன்று மணிக்குப் பெட்டி எவ்வளவு குளிர்ந்தது, மதியம் எவ்வளவு கொதித்தது என்பதைக் காலையில் கேட்டால் இந்தக் கருவியிடம் பதில் இல்லை. அந்த நொடியின் எண் மட்டுமே தெரியும். நடத்தை மாற்றத்தைப் புரிந்துகொள்ள நமக்கு வேண்டியதோ, நாம் பார்க்காத நேரத்தின் கணக்கு. ஆகவே அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைச் சேமிக்கும் மலிவான டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றையும், ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும். உணவு, சட்டை உரிப்பு, எடை, இரவின் குறைந்தபட்ச வெப்பம் ஆகியவற்றைத் தேதி போட்டு எழுதிவந்தால், "திடீரென்று" மாறியதாக நாம் நினைக்கும் பல மாற்றங்கள் படிப்படியாக வந்தவை என்பது தெரியவரும்.

ஈரப்பதத்தையும் இது அளக்காது. கத்திரி வெயிலில் இரவு முழுவதும் ஏசி ஓடும் அறையில் வெப்பநிலை சரியாக இருந்தும் காற்று வறண்டுவிடுகிறது. பால் பைத்தானுக்கு 55 முதல் 65 சதவீதம் வரை ஈரப்பதம் வேண்டும். அது குறைந்தால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளும். பாம்பு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும், எதைக் கண்டாலும் எரிச்சல் காட்டும். தெர்மோஸ்டாட்டில் 32 என்று ஒளிர்வதைப் பார்த்து எல்லாம் சரியென்று இருந்துவிடக் கூடாது.

குளிர்விக்கும் பக்கம் நம் ஊர்ப் பாம்புப் பெட்டிக்கு உதவாது. சூடாக்கவும் குளிர்விக்கவும் ஒரே எண்ணைத்தான் இது இலக்காகக் கொள்கிறது. 32க்குச் சூடாக்கு, 35ஐத் தாண்டினால் மட்டும் ஃபேனைப் போடு என்று தனித்தனியாகச் சொல்ல வழியில்லை. மே மாத மதியங்களில் மேட் எரியாமலேயே மொத்தப் பெட்டியும் 34, 35 டிகிரியில் நிற்கும். அப்போது பாம்பு மூக்கை மூடியின் விளிம்பில் தேய்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி அலையும். சூடாக்குவதைக் காட்டும் விளக்கு அணைந்திருந்தும் எண் 32க்கு மேலேயே நிற்பதைக் காட்டுவதோடு கருவியின் பங்கு முடிந்துவிடுகிறது. பெட்டியை வெயில் படாத அறையில் தரைமட்டத்துக்கு இறக்குவது நம் வேலை.

மலிவான ரிலே சில சமயம் மூடிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்படி நேர்ந்தால் எண் ஏறிக்கொண்டே போனாலும் மேட் அணையாது. சென்சார் பழுதானால் எண் மறைந்து இஇ (EE) என்ற எழுத்து தோன்றி, பஸர் ஒலித்து, மேட்டும் நின்றுவிடும். ரிலே ஒட்டிக்கொண்டால் எந்த எச்சரிக்கையும் வராது. எனவே சக்தி குறைந்த மேட்டையே பயன்படுத்துங்கள். முழு நேரமும் எரிந்தாலும் தோலைச் சுடாத அளவே போதும். சூடாக்கும் பல்பை இதில் இணைக்க வேண்டாம். அடிக்கடி அணைந்து எரிவது பாம்புக்கும் தொல்லை, பல்பும் சீக்கிரம் போய்விடும்.

வெப்பமும் ஈரப்பதமும் சரியாக இருந்தும் போக்கு மாறினால் என்ன செய்வது? கண்கள் பால் படிந்தது போல வெளிறியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. உணவு கொடுக்காமல் விட்டுவிடலாம். ஆண் பாம்பு குளிர்காலத்தில் இனச்சேர்க்கைப் பருவத்தையொட்டி வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது இயல்பு. எடை கணிசமாகக் குறையாதவரை கவலை இல்லை. எலியைத் தொட்ட கையை அருகில் கொண்டுபோனால் அது தாக்குவதும் இயல்பே: மேலுதட்டிலுள்ள வெப்பம் உணரும் குழிகளுக்கு உங்கள் கை சூடான ஓர் உருவம், எலியின் வாசனையும் சேர்ந்தால் அது இரைதான். கிண்ணத்தில் ஊறிக்கொண்டே இருந்து, தண்ணீரில் கருமையான நுண்புள்ளிகள் மிதந்தால் உண்ணி இருக்கிறது.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி, மூச்சில் விசில் போன்ற ஒலி ஆகியவை சுவாசத் தொற்றின் அறிகுறிகள். தலையை வானத்தை நோக்கித் தூக்கி முறுக்குவதும், கவிழ்த்துப் போட்டால் நிமிர முடியாமல் திணறுவதும் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டதைக் காட்டும். கிருமி காரணமாக இருக்கலாம், பூச்சி மருந்தும் காரணமாக இருக்கலாம். கொசுத் தொல்லை மிகுந்த நம் நகரத்தில் பாம்பு இருக்கும் அறையில் பூச்சிக்கொல்லி அடிப்பதையும் கொசுவிரட்டி லிக்விட் எரிப்பதையும் அடியோடு தவிர்க்க வேண்டும். இத்தகைய அறிகுறிகளுக்குத் தெர்மோஸ்டாட்டின் எண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பது காலவிரயம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோக வேண்டும். யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் விசாரிக்கலாம். போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "எப்போதிலிருந்து?" என்பதே மருத்துவரின் முதல் கேள்வியாக இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: 220 வோல்ட் வகைதானா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள், 12 வோல்ட் வகையும் அதே தோற்றத்தில் விற்கிறது. கடையிலேயே மின்சாரம் கொடுத்து, சென்சாரை விரல்களுக்கு நடுவில் பிடித்து எண் ஏறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். கூடவே இதற்குப் பொருந்தும் 10கே என்டிசி வகைச் சென்சார் ஒன்றை உபரியாக வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் இஇ என்று ஒளிரத் தொடங்கினால் ரிச்சி தெரு திறக்கும்வரை காத்திருக்க வேண்டியிராது.