இம்ப்ரா போர்டில் ஒரு கேம் மாஸ்டர் திரை: 2023-இல் செய்தது, இன்னும் மேசையில் நிற்கிறது

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு மேசையில் மாதம் இருமுறை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு ஓடுகிறது. கதை நடத்துவது, அதாவது கேம் மாஸ்டர், நான். கேம் மாஸ்டர் முன்னால் நிற்கும் மடிப்புத் திரையை 2023-இல் கையாலேயே செய்துகொண்டேன், இன்றுவரை அதுதான். பார்ப்பவர்கள் எல்லாரும் எந்த அட்டை, எங்கே வாங்கியது என்றுதான் கேட்கிறார்கள். அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இத்தனை நாள் புழங்கியதில் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது திரையின் உள்பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், அதைவிட என்ன இருக்கக் கூடாது என்பது.

இந்த விளையாட்டு 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உள்ளே இறங்குவார்கள். நடத்துபவர் கையில் வரைபடம் இருக்கும், அரக்கனுக்கு இன்னும் எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்கு இருக்கும். அதையெல்லாம் மறைக்கத்தான் திரை.

சரி, அட்டைக்கு வருவோம். நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்குக் காகித அட்டை சரிப்படாது. நண்பர் ஒருவர் இரண்டு மில்லிமீட்டர் கிரே போர்டில் அழகாகச் செய்திருந்தார், முன்பக்கம் மட்டும் படம் ஒட்டி. பசை காயக் காய ஒட்டிய பக்கம் இழுத்து, அட்டை வில்லாக வளைந்துவிட்டது. கிரே போர்டுதான் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தாளை ஒட்டுங்கள், இழுப்பு சமமாகிவிடும். நான் எடுத்தது மூன்று மில்லிமீட்டர் இம்ப்ரா போர்டு. தேர்தல் வந்தால் தெருவெல்லாம் வேட்பாளர் முகத்தோடு தொங்குமே, அதே பிளாஸ்டிக் பலகை. விளம்பரப் பலகை அடிக்கும் கடைகளில் மிச்சத் துண்டு கேட்டால் சில வெள்ளிக்கே தருவார்கள். ஈரம் அதை ஒன்றும் செய்வதில்லை. ஒருமுறை தே தாரிக் முழுக் கிளாஸ் அதன்மேல் கொட்டியது. துடைத்துவிட்டு அடுத்த சண்டைக்குப் போய்விட்டோம்.

மூன்று பேனல், ஒவ்வொன்றும் ஏ4 படுக்கைவாட்டில். செங்குத்தாக வைத்தால் உயரம் கிட்டத்தட்ட முப்பது சென்டிமீட்டர். அதன் பின்னால் உட்கார்ந்தால் பேங்க் கவுண்டரில் இருக்கிற மாதிரி, எதிரே இருப்பவர் நெற்றிதான் தெரியும். படுக்கைவாட்டில் இருபத்தொன்றுதான். முகம் தெரியும், மேசைக்கு நடுவில் இருக்கும் பொம்மையைக் கை நீட்டி நகர்த்தலாம். நான்கு பேனல் வைத்தால் நீளம் ஒரு மீட்டர் இருபதை நெருங்கும். எங்கள் மடக்கு மேசையில் அதற்கப்புறம் பக்கோடாத் தட்டுக்கு எங்கே இடம்?

மடிப்பில்தான் கொஞ்சம் நுணுக்கம். பேனல்களைத் துணி டேப்பால் இணைக்கும்போது இரண்டு இடைவெளியையும் ஒரே அளவாக விடக் கூடாது. இடது பேனல் முதலில் உள்ளே மடங்கும்; அதற்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும். வலது பேனல் அதன்மேல் வந்து மூட வேண்டும், ஏற்கெனவே மடங்கியிருக்கும் பலகையின் கனத்தையும் தாண்டி. அங்கே பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் விட்டேன். டேப்பை வெளிப்பக்கம் ஒட்டி, திருப்பிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் ஸ்கேல் விளிம்பால் அழுத்தி உள்பக்கமும் ஒட்டினால் இரண்டு டேப்பும் நடுவில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். இப்படி ஒட்டிய மடிப்பு இன்னும் கிழியவில்லை. ஆனால் டேப் ஓரத்தில் பசை இளகி வெளியே வருகிறது. காரில் வெயிலில் விட்டால் இன்னும் மோசம். அவ்வப்போது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, குட்டிக்கூரா பவுடர் தூவிவிடுகிறேன். அழகில்லை, வேலைக்காகிறது.

வெளிப்பக்கத்துக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமானில் துணிக்கடையில் வாங்கிய பாத்தேக் வெட்டுத்துண்டு. இணையத்தில் கிடைக்கும் டிராகன் படங்களைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் மூன்று மணி நேரம் பார்க்கப்போவது இதைத்தான்.

உள்பக்கம் ஒவ்வொரு பேனலிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, தாளைச் செருகி எடுக்கிற மாதிரி. பளபளப்பான உறை வாங்காதீர்கள், மேலே எரியும் விளக்கு அதில் கண்ணாடி போலத் தெரிந்து எழுத்தை மறைத்துவிடும். மங்கலான உறை நல்லது. ஆனால் அதில் பொடி எழுத்து கலங்கும், அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சடிக்க வேண்டும். பெரிய எழுத்து என்றால் இடம் குறையும். அந்தக் கட்டாயம்தான் எனக்கு நன்மையாகப் போனது.

அட்டவணைகளுக்குப் பஞ்சமில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன, அச்சடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆரம்பத்தில் கண்ணில் பட்டதெல்லாம் உறைக்குள் போனது: ஆயுத விலை, குதிரைத் தீவனம், சத்திரத்து வாடகை. ஆட்டம் சூடாக ஓடும்போது குதிரைத் தீவனத்தின் விலையை யார் தேடுவார்கள்? ஒன்றொன்றாக வெளியேறின. ஒரு செயலுக்குப் பகடையில் எட்ட வேண்டிய சிரம எண்களும் போய்விட்டன. எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20; இது மனப்பாடமாகிவிட்டது. ஒதுங்கி நின்றால் கிடைக்கும் பாதுகாப்பு, பாதி மறைவுக்கு 2, முக்கால் மறைவுக்கு 5, இதுவும் அப்படியே.

இன்றும் தங்கியிருப்பது, ஆட்டத்தில் அடிக்கடி வராத ஆனால் வந்தால் குழப்பும் விஷயங்கள். மயக்கம், முடக்கம், குருடு போன்ற நிலைகளில் யாருக்கு என்ன பாதகம் என்ற தாள். மந்திரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அடிபட்டால் 10 அல்லது விழுந்த அடியில் பாதி, எது பெரிதோ அதைப் பகடையில் எட்ட வேண்டும் என்ற வரி. உயரத்திலிருந்து விழுந்தால் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, உச்சம் இருபது பகடை.

2024-இல் விதிகள் திருத்தப்பட்டபோது உறை வைத்ததன் அருமை தெரிந்தது. களைப்புக்கு முன்பு ஆறு படி, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தண்டனை. இப்போது படிக்கு 2 வீதம் இருபதுமுகப் பகடையில் கழிகிறது, வேகத்தில் ஐந்தடி குறைகிறது, ஆறாம் படியில் மரணம் மட்டும் மாறவில்லை. எதிர்பாராமல் தாக்கப்பட்டவருக்கு முன்பு முதல் சுற்றே போய்விடும். இப்போது யார் முந்துவது என்று உருட்டும்போது பாதகம் (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுப்பது), அவ்வளவுதான். கடையில் அச்சடித்த திரை வைத்திருந்தவர்கள் மேலே காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு தாளை உருவி இன்னொன்றைச் செருகினேன். கால் ஆஃப் கத்துலு என்ற இன்னொரு கதை விளையாட்டை ஆடும் இரவுகளில் மூன்று தாளும் மாறிவிடும்.

ஆனால் என் கண் அதிகம் போவது வலது பேனலுக்குத்தான். அதில் விதியே கிடையாது, பெயர்ப் பட்டியல். எங்கள் கதை கடாரத்தில் நடக்கிறது, 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வருவதற்குச் சில வருடம் முந்தைய துறைமுகம். நம் கெடாதான். ஆட்டக்காரர்கள் எதைக் கேட்டாலும் சமாளிக்கலாம், "அண்ணே, இந்தக் கடைக்காரர் பேரு என்ன?" என்று கேட்டால்தான் முழி பிதுங்கும். ஒரு நொடி தயங்கினால் போதும், அவன் இப்போதுதான் பிறந்தவன் என்று தெரிந்துவிடும். அதனால் பெயரும், பக்கத்தில் ஒரு வரியும். "சாத்தன், மிளகு வியாபாரி, கடன் கேட்டால் காது கேட்காது." "பூதி, படகோட்டியின் விதவை, கணக்கில் புலி." பயன்படுத்தியதும் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் எந்த ஊர் என்று குறித்துக்கொள்வேன். அந்தச் சாத்தன் இப்போது கதையில் முக்கியப் புள்ளி. அவனை யாரும் திட்டமிடவில்லை.

பகடையை மறைப்பது பற்றி ஒரு வார்த்தை. திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் உருட்டினால் நம் ஆட்கள் சகுனி என்று பெயர் வைத்துவிடுவார்கள், வைத்தார்கள். அதனால் தாக்குதல் எல்லாம் திறந்த மேசையில். பதுங்கியிருப்பவனைக் கண்டுபிடித்தார்களா, எதிரில் நிற்பவன் சொல்வது பொய்யா, இந்த மாதிரி உருட்டல்களுக்கு மட்டும் திரை. அங்கே எண்ணைப் பார்த்துவிட்டால் ஆட்டத்தின் சுவையே போய்விடும்.

குறை என்றால் கனம் போதாது. சீலிங் ஃபேனை மூன்றில் வைத்தால் திரை நகரும். பக்கப் பேனல்களை நன்றாக உள்வாங்கி வைத்து, அடியில் இரண்டு புல்டாக் கிளிப் மாட்டினால் நிற்கும். மேல் விளிம்பில் ஆட்டக்காரர் பெயர் எழுதிய மரத் துணிக் கிளிப்புகள், யாருக்கு அடுத்து யார் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாத்தேக் துணியின் ஓரம் நூல் பிரிகிறது, தைத்து ஒட்டியிருந்தால் பிரியாது.

வீட்டிலேயே ஆடுபவர், தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை என்றால் இரண்டு பக்கமும் தாள் ஒட்டிய கிரே போர்டு எடுங்கள், கனமாக நிற்கும். என்னைப் போல சில நாள் எல்ஆர்டி ரயிலில் பையோடு நண்பர் வீட்டுக்கும் போய் நடத்துபவருக்கு இம்ப்ரா போர்டு. பேனலை ஏ4-ஐவிட இரண்டு சென்டிமீட்டர் அகலமாக வெட்டச் சொல்லுங்கள், உறையின் ஓரம் மடிப்பில் இடிக்காது.