காணிக்கைக் கவர், வெல்வெட் பை, சவுண்ட் பாக்ஸ்: லுத்தரன் சபைக்கு எது எதற்கு ஆகும்?

ஞாயிறு ஆராதனையில் காணிக்கை எடுக்க லுத்தரன் ஆலயங்களில் இப்போது மூன்று வழிகள் புழங்குகின்றன. கைப்பிடி வைத்த வெல்வெட் பை, பெயர் எழுதிய மாதக் கவர், வாசலில் ஒட்டிய க்யூஆர் அட்டை. அட்டையோடு சேர்த்து, வந்த தொகையை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸும் பல இடங்களில் வந்துவிட்டது. நிர்வாகக் கூட்டத்தில் "கவர் அச்சடிப்பதை நிறுத்திவிட்டு ஜிபேக்கு மாறலாமா?" என்று யாராவது கேட்காத வருஷம் இல்லை.

மாறக் கூடாது. சபையார் மாதாமாதம் கட்டும் சந்தாவுக்குக் கவர்தான் சரி. சபையார் கொண்டுவந்து படைக்கும் விளைபொருளை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கும், வெளியூரிலிருந்து வந்து ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கும் க்யூஆர் நன்றாக உதவும். சவுண்ட் பாக்ஸ் ஆலயத்துக்குள் வேண்டவே வேண்டாம். காரணங்கள் கீழே.

கவர்

அச்சகத்தில் காணிக்கைக் கவர் என்று கேட்டால் பெரும்பாலும் மொய்க் கவரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது நீளம் அதிகம். 500 ரூபாய் நோட்டு 150 மி.மீ. நீளம், 66 மி.மீ. அகலம், மடிக்காமல் வைக்க மொய்க் கவர் சரிதான். ஆனால் பையின் வாயில் அது குறுக்கே நிற்கும், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நோட்டை ஒரு மடிப்பு மடித்தால் 75க்கு 66 மி.மீ. ஆகிவிடும். அதற்கு நாலரை அங்குல நீளமும் மூன்றேகால் அங்குல உயரமும் உள்ள கவர் தாராளம்.

காகிதத்தில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மெல்லிய வெள்ளைத் தாளில் கவர் செய்தால் நோட்டின் நிறம் வெளியே தெரியும். சாம்பல் என்றால் 500, மஞ்சள் என்றால் 200, ஊதா என்றால் 100. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கண் போதும், வேறு கணக்கு வேண்டாம். 80 ஜிஎஸ்எம் கனத்துக்குக் குறையாத பழுப்பு கிராஃப்ட் தாள் நல்லது. அதில் வண்ண அச்சு எடுபடாது. கறுப்பு மையே போதும்.

மூடியில் பசை வேண்டாம். ஜனவரியில் 12 கவர்களைக் கட்டாகக் கொடுக்கிறோம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஐப்பசி மழைக்குள் மிச்சமிருக்கிற கவர்கள் தாமே ஒட்டிக்கொண்டுவிடும். கிழித்துத் திறந்து, பணத்தை வைத்து, ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவருவார்கள். அந்த ஸ்டேப்ளர் பின் நோட்டையும் கிழிக்கும், எண்ணுகிறவர் விரலையும் கிழிக்கும். உள்ளே செருகும் மூடி வைத்து அச்சடித்தால் இந்தத் தொல்லை இல்லை. நாணயம் போடுகிறவர்களுக்காக அடி மடிப்பு மட்டும் இரட்டையாக இருக்கட்டும். ஒரு பத்து ரூபாய்க் காசே ஏழரை கிராமுக்கு மேல். நாலைந்து சேர்ந்தால் ஒற்றை மடிப்பு பிரிந்துவிடும்.

150 குடும்பம் உள்ள சபைக்கு வருஷத்துக்கு 1,800 கவர் ஆகும். தொலைக்கிறவர்களுக்கும் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் சேர்த்து 2,000 அச்சடிப்பது சரியாக இருக்கும்.

கவரின் முகப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பெரும்பாலான சபைகள் தவறு செய்கின்றன. பெயருக்கு மேலே குடும்ப எண் வேண்டும். ஒரே சபையில் நாலு ஜெபராஜ் இருப்பார்கள். எண் இல்லையென்றால் ஒருவர் சந்தா இன்னொருவர் கணக்கில் ஏறும். பிறகு மாதம். அதன் கீழ் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை (நன்றிக் காணிக்கை), மிஷன் காணிக்கை, கட்டட நிதி, இதர, மொத்தம் என்று ஆறு வரி. ஒன்பது பத்து வரி அச்சடித்தால் யாரும் நிரப்புவதில்லை. மொத்தத்தை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். பிரிவு எழுதாத தொகையை எண்ணுகிறவர்கள் பொது நிதியில் போடுவார்கள். ஆறு மாதம் கழித்து "நான் கட்டட நிதிக்கல்லவா கொடுத்தேன்" என்று வரும். இதற்கு ஒரு தீர்மானம் போட்டு அதையே கவரின் பின்புறம் அச்சடித்துவிடலாம்: பிரிவு எழுதாவிட்டால் முதலில் அந்த மாதச் சந்தா, மீதி பொது நிதி.

அடுத்தது வசனம். இது சின்ன விஷயமாகத் தெரியும், இல்லை. கடையில் ஆயத்தமாக விற்கும் கவர்களில் பெரும்பாலும் மல்கியா மூன்றாம் அதிகாரம்தான், "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்". தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. லுத்தரன் சபை அதை அப்படியே வாங்கி விநியோகிப்பது பொருந்தவில்லை. கொடுப்பது இரட்சிப்புக்கு விலையும் இல்லை, ஆசீர்வாதத்துக்கு முன்பணமும் இல்லை; கிருபையைப் பெற்றவன் நன்றியாய்க் கொடுக்கிறான் என்றுதானே நம் பிரசங்க பீடத்திலிருந்து சொல்கிறோம்? அப்படியானால் கவரில் வர வேண்டியது 2 கொரிந்தியர் 9:7, "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே". தசமபாகம் என்ற வரியை எடுத்துவிட்டு "வரவுக்குத் தக்கதாக" என்று 1 கொரிந்தியர் 16:2இன் சொல்லைப் போட்டால் தினக்கூலிக்காரரும் ஓய்வூதியக்காரரும் ஒரே கவரைச் சங்கடமில்லாமல் பயன்படுத்தலாம். வசனத்தைத் தேர்வு செய்கிற வேலையை அச்சகக்காரரிடம் விடாமல், ஐயரிடம் (சபைப் போதகரிடம்) கேட்டுச் செய்யுங்கள்.

எண்ணும் மேசை

1523இல் ஜெர்மனியில் லைஸ்னிக் என்ற சிற்றூர்ச் சபை, காணிக்கைக்கும் ஏழைகள் உதவிக்கும் ஒரு பொதுப் பெட்டி வைத்தது. அதன் ஒழுங்குமுறைக்கு மார்ட்டின் லூத்தரே முன்னுரை எழுதினார். அந்தப் பெட்டிக்கு நான்கு பூட்டு. ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகரசபையிடம், ஒன்று ஊர்க்காரர்களிடம், ஒன்று சுற்றியுள்ள குடியானவர்களிடம். நால்வரும் வராமல் பெட்டி திறக்காது. 500 வருஷத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு நம் சாதனங்களைப் பாருங்கள்.

கவருக்கும் பைக்கும் நாம் செய்ய வேண்டியது அதேதான். ஆராதனை முடிந்ததும் ஆலய அறையிலேயே, உறவினர் அல்லாத இருவர் எண்ண வேண்டும். பொருளாளர் எண்ணக் கூடாது, வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். உள்துணியும் வெல்வெட்டும் சேரும் தையலில் சின்ன நாணயமும் நாலாக மடித்த பத்து ரூபாயும் சிக்கியிருக்கும். பிறகு கவர்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே இருப்பதை வெளியே எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள். குறைந்தாலும் கூடினாலும் சிவப்பு மையில் உண்மைத் தொகையை எழுதி இருவரும் கையெழுத்திட்டு, அன்றைக்கே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும். "ஐம்பது ரூபாய்தானே" என்று தன் கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டும் நல்ல மனம்தான் பின்னால் பெரிய வம்பாகிறது.

வெற்றுக் கவர்களைத் தணிக்கை முடியும்வரை மாதவாரியாகக் கட்டி வையுங்கள். ரப்பர் பேண்டு வெயிலில் உருகிக் காகிதத்தோடு ஒட்டும், சணல் நூல் நல்லது. பணத்தைத் திங்கட்கிழமையே கட்டிவிடலாம், ஆனால் கவுன்ட்டரில் கட்ட வேண்டியிருக்கும். பணம் போடும் இயந்திரங்கள் பொதுவாக 10, 20 ரூபாய் நோட்டுகளை எடுப்பதில்லை. நம் பையில் விழுவது அவைதான் அதிகம்.

க்யூஆர் அட்டை

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாக வரும் பணத்துக்குச் சபை கட்டணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. சில்லறை இல்லை என்ற சாக்கு போய்விட்டது. எண்ணும் வேலை இல்லை. தேதி அழியாது; இது ஒரு பெரிய நன்மை. சந்தா பாக்கி இருந்தால் சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது என்ற விதி உள்ள சபைகளில், தேர்தல் வருஷத்தில் மூன்று வருஷப் பாக்கி ஒரே இரவில் வரும். ரொக்கமாக வந்தால் "போன வருஷமே கொடுத்தேன்" என்று வாதாட முடியும். யூபிஐயில் முடியாது.

குறை என்னவென்றால் பணம் வரும், ஆள் வரமாட்டார். வங்கி அறிக்கையில் தெரிவது 12 இலக்க எண்ணும், பாதி பெயரும். அம்மாவின் சந்தாவைச் சென்னையில் இருக்கும் மகன் அனுப்புவார். அறிக்கையில் மகன் பெயர் இருக்கும், சபைப் பதிவேட்டில் அவர் பெயரே இருக்காது. அனுப்பும்போது எழுதும் குறிப்பு எல்லா வணிகக் கணக்கு அறிக்கைகளிலும் வந்து சேர்வதில்லை. இதனால் பாதிக்கப்படுவது யார்? வருஷம் முழுக்க ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, மகாசபைக் கூட்டத்துக்கு (சபையார் எல்லாரும் கூடும் கூட்டம்) முன் ஒட்டும் பட்டியலில் தன் பெயரைக் காணாமல் நிற்கும் வயதான அம்மாதான். சரியான வழி ஒன்றுதான்: ஜிபேயில் அனுப்பினாலும் அந்த மாதக் கவரில் குடும்ப எண்ணும் தொகையும் பரிமாற்ற எண்ணின் கடைசி நாலு இலக்கமும் எழுதி, வெறும் கவரைப் பையில் போடச் சொல்லுங்கள். கவர் ரசீதாகிவிடும். கையும் சும்மா பையைத் தாண்டிப் போகாது.

அந்த நான்கு பூட்டுக்கு வருவோம். க்யூஆருக்கு ஒரே பூட்டு, அதுவும் பொருளாளர் சட்டைப் பையில் இருக்கிற போனில். எனவே அட்டை வாங்கும் முன் தீர்மானப் புத்தகத்தில் சில விஷயங்கள் ஏற வேண்டும். கணக்கு சபையின் பெயரில், சபையின் பான் எண்ணில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் தனி ஆள் பெயர் வருகிற அட்டையை ஒரு ஞாயிறுகூட வைக்கக் கூடாது. குறுஞ்செய்தி வரும் சிம் ஆலய அலுவலகத்துக்குச் சொந்தம், பதவி மாறும்போது போனோடு வீட்டுக்குப் போகாது. பணம் எடுக்க இருவர் கையெழுத்து. அறிக்கையைப் பார்க்கும் வசதி செயலருக்கும் தணிக்கையாளருக்கும் உண்டு.

ஒட்டிய அட்டையின் மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு கடைகளில் நடக்கிறது, ஆலய வாசலில் நடக்காது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆராதனைக்கு முன் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் அது தெரிந்துவிடும். பளபளப்பான லேமினேஷன் வெயில் பட்டால் ஸ்கேன் ஆகாது. மங்கலான தாள் ஒட்டி, நிழல் விழும் சுவரில் வையுங்கள். மிஷன் காலத்துக் கட்டடங்களில் சுவர் கனம். உள்ளே சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். போர்டிகோவில் வைத்தால் சண்டையில்லை.

சவுண்ட் பாக்ஸ் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்று பாடம் வாசித்த ஐந்தாவது நிமிஷம் ஒரு பெட்டி "ரூபாய் பத்து பெறப்பட்டது" என்று ஆலயத்துக்கே அறிவிக்கிறது. வேதத்தில் இரண்டு காசு போட்ட விதவையைப் போன்றவர் அடுத்த வாரம் ஸ்கேன் செய்யமாட்டார். தவிர, அதற்கு மாத வாடகை உண்டு. சில நிறுவனங்கள் அதை வசூலிலிருந்தே பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பும். காணிக்கை 4,250, வங்கியில் ஏறியது 4,125 என்றால் புத்தகத்தில் 4,250 வரவாகவும் 125 செலவாகவும் தனித்தனியே எழுத வேண்டும். 4,125 என்று மட்டும் எழுதினால் சபையார் கொடுத்ததைக் குறைத்துக் காட்டியதாக ஆகும்.

அறுப்பின் பண்டிகை

இங்கே மட்டும் க்யூஆரும் சவுண்ட் பாக்ஸும் அருமை. ஒரு எலுமிச்சம்பழம் 1,700 ரூபாய்க்குப் போகும், எடுத்தவர் கையில் 300தான் இருக்கும். "அடுத்த வாரம் தருகிறேன்" என்று போன ஏலக் கடன்களில் ஒரு பங்கு எப்போதும் திரும்பி வருவதில்லை. பந்தலில் இரண்டு மேசை போடுங்கள். முதல் மேசையில் பொருள், பெயர், குடும்ப எண், தொகை எழுதிச் சீட்டு. இரண்டாவது மேசையில் பணம், ரசீது, அதன் பிறகே பூசணிக்காய். ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினால் போதாது, பெட்டி சொல்ல வேண்டும் அல்லது செய்தி வர வேண்டும். பந்தல் சத்தத்தில் பெட்டி சொல்வது கேட்காது என்பதால் அதை மேசைக்காரர் காதருகே வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் தொகை

முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகள் வெளியேற்றப்பட்ட பின், 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. லைப்சிக் மிஷனும் ஸ்வீடன் மிஷனும் தாங்கிய சபைகள் தங்கள் காலில் நிற்கக் கற்றது பிடி அரிசியிலும் (சமைக்கும்போது காணிக்கைக்காக எடுத்து வைக்கும் கைப்பிடி அரிசி) சந்தாவிலும்தான். இன்று வெளிநாட்டுப் பணம் வேறு உருவில், பிள்ளைகள் வழியாக வருகிறது. அட்டையின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறோம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அனுப்பும் தொகை சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. ரூபாயாக அனுப்பினாலும் அப்படித்தான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு உள்ள அமைப்பு அதை புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். வாசல் அட்டையின் கணக்கில் அது விழுந்தால் விதிமீறல் சபையின் தலையில். அட்டையின் கீழே "இந்தியக் குடிமக்கள் மட்டும்" என்று ஒரு வரி அச்சடியுங்கள்; அச்சகத்தில் அதற்குத் தனிக் காசு கேட்கமாட்டார்கள்.