உப்புத்தண்ணீரில் இந்த ரீல் எண்ணெய்: நாள்பட்ட அனுபவம்

போன வாரம்தான் என் மீன்பிடி ரீல் (தூண்டில் நூலைச் சுற்றும் கருவி) பழுதுபார்க்கும் கடையிலிருந்து திரும்பி வந்தது. கியர், மீன் இழுக்கும்போது நூலை அளவாக விட்டுக்கொடுக்கும் டிராக், கைப்பிடி எல்லாம் நலம். மாற்ற வேண்டியிருந்தது, லைன் (தூண்டில் நூல்) உருண்டு உள்ளே வரும் லைன் ரோலருக்குள் இருக்கும் குட்டி பேரிங் மட்டும்தான். மறுபடியும் அதே பேரிங்! கூட மீன்பிடிக்க வரும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்க போடுற எண்ணெய், கிரீஸ் செட்டையே நானும் வாங்கிடவா?" என்று கேட்டார். ஒரே வரியில் சொல்லிவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது 4000 என்ற நடுத்தர அளவு ஸ்பின்னிங் ரீல், இழைகளைப் பின்னிச் செய்த பிரைடு லைன். பெரும்பாலும் சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரை, சாங்கி பக்கம். நான் போடுவது ஜோடியாக விற்கும் செட்: சிறிய புட்டியில் மெல்லிய எண்ணெய், ஒரு டியூப் கிரீஸ்.

கிரீஸைப் பற்றி மனதாரப் பாராட்டித்தான் சொல்ல வேண்டும். கடையில் ரீலின் மூடியைக் கழற்றியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் புகுந்த கிரீஸ் மோர் போல வெளுத்துப்போகும். இது வெளுக்கவில்லை. கியர் பற்களின் இடுக்கில் மெல்லிய படலமாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கும்போது, இது சாதாரண விஷயம் இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் இன்றும் புது ரீல் மாதிரிதான் இருக்கிறது.

எண்ணெயும் மட்டம் என்று சொல்ல மாட்டேன். லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலின் பேரிங், கைப்பிடிக் குமிழ் இரண்டிலும் அருமையாக வேலை செய்கிறது. கைப்பிடி பின்னால் சுழலாமல் தடுக்கும் ஒருவழி பேரிங்குக்கும் இந்த மாதிரி மெல்லிய எண்ணெய்தான் சரி, அதுவும் துளியளவு. அங்கே கிரீஸை அப்பினால் உள்ளே இருக்கும் உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். மீன் கடித்து ராடை இழுக்கிற நேரம் பார்த்துக் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்றுவிடும். பிடோக் நீர்த்தேக்கத்து நன்னீரில் பீகாக் பாஸ் மீனுக்குத் தூண்டில் போட்டபோதெல்லாம் இந்த எண்ணெய் ஒரு குறையும் வைத்ததில்லை.

கடலில் லைன் ரோலர் என்று வந்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பிரைடு லைன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். அந்த உப்புத்தண்ணீர் முழுவதும் பிழியப்படும் இடம் ரோலர். தண்ணீர் காய்ந்ததும் உப்பு பேரிங்குக்குள்ளேயே தங்கிவிடும். இந்த எண்ணெயோ அங்கே ஓர் இரவுகூடத் தாங்குவதில்லை. கடலுக்குள் நீளும் பிடோக் ஜெட்டியில் ஒரு முறை விடியற்காலை, பக்கத்தில் ஆளரவமே இல்லை, என் ரீல் மட்டும் லைன் சுற்றச் சுற்ற 'கீ... கீ...' என்று கத்திக்கொண்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எண்ணெய் விட்டுத்தான் எடுத்துப் போயிருந்தேன். சத்தத்தைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ரோலர் சுழலாமல் நின்றால் லைன் அதன்மேல் உரசி உரசிப் பிரைடின் இழை பிய்ந்துபோகும். பெரிய மீன் இழுக்கும்போது அறுவது அந்த இடத்தில்தான்.

கழுவுவதில் குறை வைப்பதில்லை. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிவிட்டு, மெல்லிய தூறலாக நல்ல தண்ணீர் தெளிப்பேன். ரீலை முக்க மாட்டேன், வெந்நீர் பக்கம் போக மாட்டேன். துடைத்து உலர்த்திய பிறகு டிராக்கைத் தளர்த்தி வைப்பேன். இவ்வளவு பண்ணியும் பேரிங் போகிறது என்றால் எண்ணெயைத்தானே கேட்க வேண்டும்?

டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தால் போதாதா என்று சிலர் சொல்கிறார்கள். ஈரத்தை விரட்டவும் துருவை இளக்கவும் அது கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் பேரிங்கில் இருக்கும் கிரீஸையும் சேர்த்துக் கரைத்துவிடும். சிலிக்கோன் ஸ்பிரே ரப்பர் வளையங்களுக்கு நல்லது, உலோகத்தோடு உலோகம் அழுந்தும் இடத்தில் அதன் படலம் தாங்காது. டிராக்குக்குள் உரசும் கார்பன் வாஷருக்கு நான் தனியாக, டிராக்குக்கென்றே வரும் கால்ஸ் கிரீஸ்தான் போடுகிறேன், அதில் சமரசமே இல்லை.

இப்போது ரோலருக்கு மட்டும், இதே செட்டின் கிரீஸில் துளி எண்ணெயைக் குழைத்து, பல்குத்தும் குச்சி முனையால் வைக்கிறேன். சுழற்சி கொஞ்சம் மந்தம். ஆனால் சத்தம் இல்லை. கிளம்பும் முன் லைனை ரோலர்மேல் போட்டு லேசாக இழுத்து, அது சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டைப் பூட்டுகிறேன்.

கிரீஸை மட்டும் தனியாக விற்றால் நாளைக்கே இரண்டு டியூப் வாங்குவேன். நான் வாங்கும் கடையில் ஜோடியாகத்தான் தருவேன் என்கிறார்கள். கடல் மீன்பிடிக்கு என்று அட்டையில் பெரிதாகப் போட்டுவிட்டு, கடலில் முதலில் அடி வாங்கும் இடத்தில் இப்படிக் கைவிடும் செட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தம்பி, வாங்காதீங்க.