சிறையைக் காட்டி மிரட்டுவதா, மூன்று வயதிலேயே கைகொடுப்பதா?

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் தப்பான வழியில் போகாமல் தடுக்க அமெரிக்காவில் செய்து பார்த்தவற்றில் இரண்டு, ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதலாவது பயமுறுத்தல். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குள் வம்புதும்பு செய்யும் சிறுவர்களை அழைத்துப் போனார்கள். ஆயுள் கைதிகள் முகத்துக்கு நேரே கூச்சல் போட்டு, உள்ளே என்னென்ன நடக்கும் என்று சொல்லி மிரட்டுவார்கள். சில மணி நேர வேலை, செலவும் சொற்பம். டிவிக்கும் நல்ல தீனி. ஆனால் இப்படிப்பட்ட திட்டங்களைப் பின்னாளில் சேர்த்து வைத்து ஆராய்ந்தபோது, போய் வந்த பிள்ளைகள்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றம் செய்தது தெரிந்தது. சும்மா விட்டிருந்தாலே தேவலை.

அடுத்தது, மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் 1962இல் தொடங்கிய பெரி பாலர் பள்ளி. 3, 4 வயதுக் கறுப்பினக் குழந்தைகளுக்குக் காலையில் இரண்டரை மணி நேர வகுப்பு. அப்புறம், வாரம் ஒருமுறை ஆசிரியையே வீடு தேடிப் போய் அம்மாவோடும் குழந்தையோடும் ஒன்றரை மணி நேரம் உட்காருவார். என்னைக் கேட்டால் விஷயமே இதில்தான் இருக்கிறது. 40 வயதுக்குள் ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள், இந்தப் பள்ளியில் படித்தவர்களில் 36 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பள்ளியில் சேர்க்காமல் விட்ட குழுவில் 55.

இரு குழுவும் சேர்த்து 123 குழந்தைகள்தான், சின்ன ஆய்வு. செலவும் கூடுதல், பலன் தெரியப் பல வருடம் ஆகும். அடுத்த தேர்தலுக்குள் கணக்குக் காட்ட வேண்டியவர்களுக்கு முதல் வழிதான் இனிக்கும்.

சரி, ஏற்கெனவே 15 வயதாகி ஸ்டேஷன் வாசலில் நிற்கும் பையனுக்கு? பாலர் பள்ளி அவனுக்கு உதவாது. அதற்காகச் சிறைச் சுற்றுலாவும் வேண்டாம். வீட்டோடும் பள்ளியோடும் சேர்த்துப் பேச ஓர் ஆள் வேண்டும்.