எல்ஏஎக்ஸ் தீம் பில்டிங்கா, ஜேஎஃப்கே டிடபிள்யூஏ ஹோட்டலா? விமானம் மாறும் நீண்ட இடைவெளியில் எது கைகொடுக்கும்

1960களில் மனிதர்கள் கற்பனை செய்த எதிர்காலத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு அமெரிக்க விமான நிலையங்களில் இரண்டு பெயர்கள் உடனே காதில் விழும். ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸில் 1961இல் எழுந்த தீம் பில்டிங். இன்னொன்று, நியூயார்க் ஜேஎஃப்கேயில் கட்டிடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்து, 1962இல் திறக்கப்பட்ட டிடபிள்யூஏ விமான நிறுவனத்தின் முனையம். 2019 மே மாதத்திலிருந்து அது ஹோட்டல்.

லாஸ் ஏஞ்சலிஸை முதலில் முடித்துவிடலாம். பறக்கும் தட்டு நான்கு கால்களில் வந்து இறங்கியதுபோல் நிற்கும் அந்தக் கட்டிடத்தின் உயரம் 135 அடி. டிஸ்னியின் வடிவமைப்பாளர்கள் 1997இல் விண்வெளிக் கோலம் போட்டுக் கொடுத்த 'என்கவுன்ட்டர்' உணவகம் 2013 டிசம்பரில் மூடப்பட்டது. பழைய பயணக் குறிப்புகளை நம்பி இன்றும் பலர் மேசை தேடி வருகிறார்கள். உணவகம் சுழலும் என்பதும் தவறு. அது சுழன்றதே இல்லை. வெளியே நின்று படம் எடுக்க அரை மணி நேரம் போதும். பசித்தால் டாக்சி பிடித்து செபுல்வேடா சாலையின் இன்-என்-அவுட் பர்கர் கடைக்குப் போங்கள். வடக்கு ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே போகும். சைவர்கள் 'கிரில்டு சீஸ்' என்று கேட்டால் இறைச்சி இல்லாமல் தருவார்கள். பலகையில் அந்தப் பெயர் இருக்காது.

ஜேஎஃப்கேயின் கதை வேறு. இங்கே கட்டிடமே விருந்து. கூரையாக வளைந்த நான்கு பெரிய கான்கிரீட் ஓடுகள் Y வடிவத் தாங்கிகள் நான்கின் மேல் நிற்பதால் கூடத்துக்குள் தூண்கள் குறுக்கிடாது. ஓடுகளுக்கு இடையிலுள்ள கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கும். சிவப்புக் கம்பளம் விரித்த 'சங்கன் லவுஞ்ச்' பள்ளத்தில் அமர்ந்தால் எழுத்துகள் புரண்டு மாறும் பழைய பாணி விமான நேரப் பலகையான சொலாரி கண்ணெதிரே தெரியும். முழுச் சாப்பாட்டுக்கு மாடியிலுள்ள பாரிஸ் கஃபே. குடிக்க மட்டும் என்றால் வெளியே நிற்கும், மதுக்கூடமாக மாற்றிய 1958ஆம் ஆண்டு லாக்ஹீட் கான்ஸ்டலேஷன் விமானம். அதற்குள் போக விமானப் படிகளில்தான் ஏற வேண்டும், உள்ளே இடமும் குறுகல். பெரிய பெட்டியோடு போகாதீர்கள். மதுவுக்கு 21 வயது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மொட்டைமாடிக் குளம் 4L/22R ஓடுபாதையைப் பார்த்தபடி இருக்கிறது. அறை எடுக்காதவர்கள் முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தியே இறங்க முடியும். கால் நீட்டிப் படுக்க வேண்டுமானால் பகல் நேரத்துக்கு மட்டும் அறை எடுக்கலாம்.

இனி நேரக் கணக்கு. ஹோட்டல் பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அமெரிக்காவில் பெரும்பாலும் இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, திரும்ப ஒப்படைக்க வேண்டும். இதற்கு 2 மணி நேரம் ஒதுக்குங்கள். முனையங்களுக்கு இடையே ஓடும் ஏர்ட்ரெயின் என்ற விமான நிலைய ரயில் இலவசம். டெர்மினல் 5 நிறுத்தத்தில் இறங்கி, ஹோட்டல் பலகைகளைப் பின்பற்றி நடந்தால் போதும். சாப்பிட்டுச் சுற்றிப் பார்க்க 2 மணி நேரம். அடுத்த விமானம் வெளிநாட்டுக்கு என்றால் அதற்கு 3 மணி நேரம் முன்பே கிளம்பிவிட வேண்டும். ஆக 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் இந்த ஆசையை விடுவதே நல்லது. உள்நாட்டு விமானம் மாறுகிறவர்களுக்கு இமிக்ரேஷன் இல்லை. 5 மணி நேரத்திலேயே நிதானமாக முடியும்.

இந்திய பாஸ்போர்ட்காரர்கள் விசாவைப் பாருங்கள். சி-1 விசா கடந்துபோவதற்கு மட்டும்; ஊர் சுற்ற பி வகை விசா வேண்டும். பாதுகாப்புச் சோதனையில்தான் பலர் இடறுகிறார்கள்: பக்கத்தில் இருக்கிறது என்று டெர்மினல் 5 வரிசையில் போய் நிற்பார்கள். உங்கள் விமானம் வேறு முனையத்திலிருந்து என்றால் திரும்ப ஏர்ட்ரெயின் ஏறி அங்கேதான் சோதனைக்குப் போக வேண்டும்.