ஜெனரல் ட்ஸோ சிக்கன், கோழி இல்லாமல்: ஐந்தில் எது தேறும்?

ஜெனரல் ட்ஸோ சிக்கனில் கோழிக்கு என்ன வேலை? யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. புளிப்பு, இனிப்பு, காரம் மூன்றும் சாஸில் இருக்கின்றன. மொறுமொறுப்பு மேல்மாவில். வாசனை இஞ்சியிலும் பூண்டிலும், கருகப் போகும் நேரத்தில் பிடித்து நிறுத்திய காய்ந்த மிளகாயிலும். கோழி உள்ளே உட்கார்ந்துகொண்டு பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கிறது, அவ்வளவுதான். கோழியை எடுத்துவிட்டு வீட்டில் செய்து பார்க்க இதைவிடத் தோதான சீன டேக்அவே அயிட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

‘அசல் கெட்டுப்போய்விட்டது’ என்று யாராவது சொன்னால், எந்த அசல் என்று திருப்பிக் கேட்கலாம். பெயருக்குரிய தளபதி ட்ஸோ சோங்டாங் 1885-ல் இறந்துவிட்டார். இதை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. உருவாக்கியவர் சீனாவின் ஹூனான் மாகாணத்துக்காரரான பெங் சாங்-குவெய், அதுவும் 1950-களில் தைவானில். அவருடைய பழைய செய்முறையில் இனிப்பு கிடையாது. புளிப்பும் காரமும் உப்பும் தூக்கலாக இருக்கும். 1970-களில் நியூயார்க் போனபிறகுதான் சர்க்கரை ஏறியது. இத்தனை இடம் மாறி இத்தனை உருவம் எடுத்த ஒன்றில் கோழியும் மாறினால் குடிமுழுகிவிடாது.

சரி, கோழி இடத்தில் யாரை உட்கார வைப்பது? சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு, கோதுமைப் பசையத்தில் (குளூட்டன்) செய்யும் சேய்டான், மீல் மேக்கர், காலிஃபிளவர், சிப்பிக் காளான் ஆகிய ஐந்தையும் ஒரே மாவு, ஒரே எண்ணெய், ஒரே சாஸ் என்று வைத்து வாரக்கடைசிகளில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை ருசி பார்த்தேன்: சாஸில் புரட்டியதும் ஒரு வாய், பத்து நிமிடம் கழித்து இன்னொரு வாய். முதல் வாயில் ஐந்துமே பாஸ். கதை இரண்டாவது வாயில்தான். எது கோழி மாதிரி இருக்கிறது என்ற கேள்வியோடு ஆரம்பித்தேன். முடிக்கும்போது எது தண்ணீர் விடுகிறது என்ற கேள்வியில் வந்து நின்றேன். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே வரும், வழியில் மேல்மாவை நனைக்கும். எவ்வளவு நன்றாகப் பொரித்தாலும் உள்ளே தண்ணீர் இருந்தால் பத்தாவது நிமிடத்தில் நமுத்துப்போகும்.

முதலில் டோஃபு. பெரும்பாலானோர் கடையிலிருந்து வந்ததும் அப்படியே சதுரமாக வெட்டி எண்ணெயில் போட்டுவிட்டு, ‘சவசவ என்று இருக்கிறது, டோஃபு நமக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தப்பு டோஃபு மேல் இல்லை. முதலாவதாக, கெட்டி டோஃபுதான் வேண்டும். வழவழவென்று இருக்கும் சில்கன் வகை இதற்கு ஆகவே ஆகாது. இரண்டாவது, துணியில் சுற்றி மேலே கனமான பாத்திரம் ஏற்றி அரைமணி நேரமாவது வைக்க வேண்டும். இது எல்லோரும் சொல்வது. மூன்றாவதாக நான் சொல்வது, அதை உறைய வைப்பது.

பாக்கெட்டோடு ஃப்ரீசரில் ஓர் இரவு. காலையில் எடுத்தால் வெள்ளை டோஃபு பழுப்பு மஞ்சளாக, கல் மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம், இளகியதும் நிறம் திரும்பிவிடும். உள்ளே இருந்த தண்ணீர் பனிக்கட்டியாகி, அந்தப் படிகங்கள் டோஃபுவைக் குத்திக் குத்தித் துளைகளாக்கியிருக்கும். முழுக்க இளகியபின் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பான்ஜைப் பிழிவது மாதிரி தண்ணீர் கொட்டும். 400 கிராம் கட்டியில் அரை டம்ளருக்குக் குறையாமல் வரும். அதுவரை உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து தொட்ட பொருள், இப்போது கையில் இழுவையோடு நிற்கும். கத்தியைத் தொடாதீர்கள். கையால் பிய்த்துப் போடுங்கள். வெட்டிய முகம் வழுக்கும். பிய்த்த முகத்தின் மேடுபள்ளத்தில்தான் மாவு போய் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் கழித்தும் ஓரங்கள் மொறுமொறுவென்று இருந்தன, உள்ளே சாஸும் இறங்கியிருந்தது. உறைய வைக்காமல் வெறுமனே அழுத்தியெடுத்த டோஃபு அதே பத்து நிமிடத்தில் பாதி நமுத்துவிட்டது.

அடுத்தது சேய்டான். (அவசரத்தில் சைத்தான் என்று படித்துவிடாதீர்கள், மோசமாகச் செய்தால் அந்தப் பெயரும் பொருந்தும்.) பெயர் ஜப்பானிலிருந்து வந்தாலும் பொருள் சீனர்களுக்குப் பழசு. அவர்கள் மியன்ஜின் என்பார்கள். பௌத்த மடங்களின் சமையலில் இறைச்சிக்குப் பதிலாக நூற்றாண்டுக் கணக்கில் புழங்கி வருகிறது. பல்லுக்குக் கிடைக்கும் இழுவையில் கோழிக்கு மிக அருகில் வருவது இதுதான், சந்தேகமே இல்லை. புரதமும் கெட்டி: கடையில் கிடைக்கும் பசைய மாவில் முக்கால் பங்கு புரதம்தான்.

ஆனால் வேலை! கோதுமை மாவைப் பிசைந்து, ஊற வைத்து, தண்ணீரில் கழுவிக் கழுவி மாவுச்சத்தை வெளியேற்றும் முறையில் ஒருமுறை இறங்கினேன். அரைக் கிலோ மாவைப் பிசைந்து எட்டு தடவை தண்ணீர் மாற்றி, கடைசியில் கையில் மிஞ்சியது 150 கிராம் அளவுக்கு ஒரு பிசுபிசு உருண்டை. கழுவுதொட்டி முழுக்க வெள்ளைப் பால். நேரடியாகப் பசைய மாவையே வாங்கினால் இந்தக் கூத்து மிச்சம். ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் தண்ணீர், அதில் கொஞ்சம் சோயா சாஸ், பூண்டுப் பொடி. மாவு ஒன்று சேரும்வரை பிசைந்தால் போதும். கைவலிக்கப் பிசைந்தால் ரப்பர்தான். கொதிக்கும் நீரில் போடுவதும் ஆபத்து: தளதளவென்று கொதித்தால் உப்பி, பஞ்சுபோல் ஆகிவிடும். அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி 45 நிமிடம் ஆவியில் வேகவைப்பது தப்பாத வழி. பிறகு ஓர் இரவு குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும். அப்போதுதான் இழை இழையாகப் பிய்க்க வரும். பத்து நிமிடச் சோதனையில் டோஃபுவுக்குச் சமமாக நின்றது. பசையம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள், இது முழுக்க முழுக்க பசையம்தான். அவர்கள் சோயா சாஸ் புட்டியையும் திருப்பிப் பார்ப்பது நல்லது, பெரும்பாலான வகைகளில் கோதுமை சேர்ந்திருக்கும்.

மீல் மேக்கரைப் பலர் ஏழையின் டோஃபு என்று ஒதுக்குகிறார்கள். எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தத்தில் பிதுக்கிச் செய்வது. காய்ந்த நிலையில் பாதி எடை புரதம். மாதக்கணக்கில் அலமாரியில் கிடக்கும், திடீரென்று ஆசை வந்தால் கைகொடுக்கும். அந்தப் பச்சை வாடை ஒன்றுதான் குறை. ஏழு நிமிடம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரில் போட்டு, பிழிந்து, திரும்பவும் நனைத்துப் பிழிந்தால் பெரும்பகுதி போய்விடும். மிச்சத்தை சாஸ் பார்த்துக்கொள்ளும். பிழிந்ததும் அது காலி ஸ்பான்ஜ். அந்த நேரத்தில் உலர்ந்த ஷிடாக்கே காளான் ஊறிய நீரும் சோயா சாஸும் கலந்து கொஞ்சமாக ஊற்றிக் குடிக்க விடுங்கள். நிறைய ஊற்றினால் பிழிந்ததற்கே அர்த்தமில்லை. இதன் இன்னொரு கெட்ட பழக்கம், எண்ணெயையும் அதே ஆர்வத்தோடு குடிப்பது. மாவு எல்லாப் பக்கமும் மூடியிருந்தால் குறையும், நிற்காது.

காலிஃபிளவரைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. நூற்றில் 92 பங்கு தண்ணீர். பொரித்து எடுத்த முதல் மூன்று நிமிடம் அமிர்தம், பிறகு சதசத. சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைத்துத் தொட்டுச் சாப்பிடுவதானால் தாராளமாகச் செய்யலாம். புரட்டிப் பரிமாறுவதற்கு இது ஆளில்லை. புரதமும் 100 கிராமுக்கு இரண்டு கிராம்தான் என்பதால் வெறும் சோற்றோடு இதையே முழுச் சாப்பாடாக வைத்தால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும்.

காளானிலும் தண்ணீர் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் அது பிடிவாதம் பிடிக்காது. சிப்பிக் காளானை நீளவாக்கில் கிழித்து, எண்ணெய் இல்லாத சூடான இரும்புக் கல்லில் பரப்பி, மேலே இன்னொரு கனமான சட்டியை வைத்து அழுத்துங்கள். ஓரங்களில் தண்ணீர் சீறிக்கொண்டு வரும். சீறல் அடங்கி, அடி பொன்னிறமானதும் எடுத்து மாவில் பிசறலாம். இந்த ஐந்தில் சாஸ் இல்லாமலே தனக்கென்று ருசி உள்ளது இது ஒன்றுதான். சுருங்கிப்போவதுதான் வருத்தம். 400 கிராம் வாங்கினால் சட்டியிலிருந்து வருவது பாதிகூட இராது. நான்கு பேருக்குச் செய்ய வேண்டுமென்றால் கட்டுப்படியாகாது.

மேல்மாவு விஷயத்தில் முட்டை இல்லையே என்று கவலை வேண்டாம். முட்டையின் வேலை மாவை ஒட்ட வைப்பது. இரண்டு ஸ்பூன் கார்ன் ஃப்ளாரை ஒரு ஸ்பூன் சோயா சாஸும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுப் பசையாகக் குழைத்து முதலில் பிசறிவிட்டு, அப்புறம் உலர்ந்த கார்ன் ஃப்ளாரில் புரட்டினால் அதே வேலை நடந்துவிடும். வெள்ளையாக, விரலில் நறநறக்கும் மாவைத்தான் சொல்கிறேன். மஞ்சள் மக்காச்சோள மாவு வேறு. பொரிப்பது இரண்டு தடவை. 165 டிகிரியில் வெளிறிய நிறத்தில் எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிட்டு, 190 டிகிரியில் ஒரு நிமிடம். முதல் தடவை உள்ளீரம் வெளியே வருகிறது, இரண்டாவது தடவை மேலே வந்த ஈரம் ஓடிவிடுகிறது. ஏர் ஃப்ரையரில் 200 டிகிரியில் 18 நிமிடம் வைத்தாலும் பரவாயில்லை ரகத்தில் வரும். ஆனால் எண்ணெய் படாத இடங்களில் மாவு வெள்ளைத் திட்டாக அப்படியே இருக்கும், வாயில் போட்டால் சாக்பீஸ். ஒரு ஸ்பூன் எண்ணெயைக் கையால் தடவிவிட்டு வையுங்கள்.

சாஸில்தான் கடைக்காரர்கள் கோழியை ஒளித்து வைப்பது. நான் ஒரு கடையில் டோஃபு போட்ட ஜெனரல் ட்ஸோவை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டபிறகுதான், சாஸில் கோழிச் சாறு ஊற்றுகிறார்கள் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. சிப்பி சாஸ் சேர்ப்பவர்களும் உண்டு. வீட்டில் இதற்கு மாற்று, உலர்ந்த ஷிடாக்கே காளான் ஊறிய தண்ணீர். சோயா சாஸில் குளுட்டமேட் இருக்கிறது, உலர்ந்த ஷிடாக்கேயில் குவானிலேட் இருக்கிறது. இரண்டும் ருசி கூட்டும் பொருட்கள், சேர்ந்தால் உமாமி என்னும் கறிச்சாறு மாதிரியான ருசி கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது.

400 கிராம் டோஃபுவுக்கு என் கணக்கு: ஷிடாக்கே நீர் 100 மில்லி, சோயா சாஸ் மூன்று மேசைக்கரண்டி, அரிசி வினிகர் இரண்டு, சர்க்கரை இரண்டரை, கார்ன் ஃப்ளார் இரண்டு தேக்கரண்டி. சூடான எண்ணெயில் எட்டுப் பத்து காய்ந்த மிளகாய், அது கறுக்கும் முன் இஞ்சி பூண்டு, உடனே இந்தக் கலவை. கொதி வந்து கண்ணாடி மாதிரி பளபளத்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். வினிகர் இருப்பதால் தொடர்ந்து கொதித்தால் கெட்டியான சாஸ் திரும்பவும் நீர்த்துப்போகும். பொரித்ததைப் போட்டு இருபது எண்ணும்வரை புரட்டி, துளி நல்லெண்ணெய் விட்டு இறக்குங்கள்.

இப்போது என் வீட்டில் வாடிக்கை என்றால் உறைய வைத்த டோஃபுதான். ஃப்ரீசரில் இரண்டு கட்டி எப்போதும் கிடக்கும். கோழி சாப்பிடும் விருந்தாளி வருகிறார், இரண்டு நாள் முன்னாடியே தெரியும் என்றால் சேய்டான். கையில் ஒன்றுமே இல்லாத நாளில் மீல் மேக்கர். காளான் எனக்கு மட்டும் செய்துகொள்வது, அடுப்படியில் நின்றபடியே.

மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடுபவர்கள் கணக்கு மட்டும் கொஞ்சம் மாறும். டோஃபு மறுநாள் மொறுமொறுப்பை இழந்தாலும் சாஸ் ஊறி வேறொரு ருசிக்கு வந்திருக்கும், குளிர்ந்த நிலையிலேயே நன்றாக இருக்கும். சேய்டானை உலர்ந்த சட்டியில் போட்டுச் சூடாக்கினால் முதல் நாளைவிட ஒரு படி மேல். காலிஃபிளவரை மிச்சம் வைக்காதீர்கள்.